ஒரு நிமிஷ வேலையும் குடியானவர் கண்ணும்

குடியானவர் வீடுகளில் இக்காலத்தில் உள்ள கருவிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல ஒரு தலைமுறைக்கு முன்னர் அவ்வீடுகளில் இல்லாதவை என்பது விளங்கும். மண்வெட்டி, கொத்து, அரிவாள், கடப்பாரை ஆகியவை இருந்த மூலையில் இப்பொழுது மின்சாரத்தால் சுழலும் கைச்சாணை ஒன்றும், துளையிடும் யந்திரம் ஒன்றும் இருக்கின்றன. தென்னந்தோப்பு உள்ளவர்கள் பெட்ரோலால் ஓடும் புல் வெட்டும் யந்திரமும், சிலர் மரம் அறுக்கும் சங்கிலி வாளும் வைத்திருக்கின்றனர். மேற்சொன்ன கைச்சாணையைத்தான் ஜனங்கள் கட்டிங் மிஷின் என்றும் கிரைண்டர் என்றும் வழங்குகின்றனர். அடுக்களையில் மாவாட்டும் கிரைண்டர் வேறு; இது வேறு. இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதாலோ என்னவோ, இரண்டும் ஒரே விதமான சாதுவான பொருள்கள் என்ற எண்ணம் பலருக்கு இருப்பதுபோல் காணப்படுகின்றது.

இக்கருவிகள் வந்ததைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு நாள் முழுவதும் நான்கு ஆட்கள் செய்த வேலையை ஒருவர் அரை நாளில் முடிக்கிறார். ஆள் கிடைக்காத பருவத்தில் இவை இல்லாவிடில் அநேக தோப்புகள் புதராகவே கிடக்கும். ஆனால் கருவி வந்த அளவுக்கு, அக்கருவியைக் கையாள வேண்டிய முறை வந்து சேரவில்லை என்பதே இங்கே எடுத்துரைக்க வேண்டிய விஷயம்.

முற்காலத்தில் அரிவாள் மழுங்கினாலும் கொழு தேய்ந்தாலும் குடியானவர் அதைக் கொல்லர் பட்டறைக்கு எடுத்துச் செல்வார். அறுவடைக் களத்தில் அவருக்குரிய நெல்லை அளந்து கொடுத்து வேலை வாங்கிக்கொள்வார். கொல்லரோ தம் தகப்பனாரிடம் சிறுவயது முதல் நின்று பழகியவர். பொறி எப்பக்கம் பறக்கும், எங்கே நின்றால் மேலே படாது, எவ்வளவு தூரத்தில் குழந்தைகளை நிறுத்த வேண்டும் என்பவை அவருக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தன. அவரும் கண்ணாடி அணிந்தவர் அல்லர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்து, முதுமையில் பார்வை குன்றிய கொல்லர்களும் உண்டு. எனினும் தொழிலுக்குரிய ஓர் எச்சரிக்கை அவரிடம் இருந்தது. இப்பொழுது அந்தச் சாணை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. எச்சரிக்கை பட்டறையிலேயே தங்கிவிட்டது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். மாட்டுக் கொட்டகையின் கதவில் ஒரு கீல் துருப்பிடித்து இறுகிவிடுகின்றது. மாலையில் பால் கறக்கும் நேரத்துக்குள் அதை அறுத்தெடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்குடையவர் கைச்சாணையை எடுக்கிறார். வாங்கியபோது பெட்டியில் வந்த கண்ணாடி எங்கேயோ கிடக்கின்றது. மகன், “கண்ணாடியைத் தேடி எடுத்து வரட்டுமா, அப்பா?” என்று கேட்கிறான். “எதற்கடா? ஒரு நிமிஷ வேலைதானே” என்கிறார். அவர் சொன்னது பொய்யன்று; வேலை உண்மையில் ஒரு நிமிஷத்தில் முடிகின்றது. அன்றிரவு கண் உறுத்துகின்றது. மறுநாள் சிவந்து நீர் வடிகின்றது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகின்றது.

நாள் முழுவதும் யந்திரத்தோடு வேலை செய்பவர் ஒருவாறு ஆயத்தம் செய்துகொண்டே தொடங்குகிறார். ஒரு நிமிஷ வேலைக்கு எவரும் ஆயத்தம் செய்வதில்லை. ஆகையால் வீட்டில் நேரும் அபாயம் வேலையின் நீளத்தைப் பொறுத்ததன்று. அறுபது நாழிகை ஓடும் யந்திரத்திலிருந்தும் அரை நிமிஷம் ஓடும் யந்திரத்திலிருந்தும் பொறி ஒரே வேகத்தில்தான் பறக்கின்றது.

அந்த வேகம் எத்தகையது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். வீடுகளில் சாதாரணமாக உள்ள கைச்சாணையின் தகடு நான்கு அங்குல விட்டமுள்ளது. அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்றுகள் சுழல்கின்றது. தகட்டின் சுற்றளவு ஓர் அடிக்குச் சற்று மேற்படும். ஆகவே அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 190 அடி, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடுகின்றது. விளிம்பிலிருந்து கழலும் இரும்புத்தூளும் சாணைத்தூளும் புறப்படும்போது ஏறத்தாழ அதே வேகத்தில் புறப்படுகின்றன. குனிந்து வேலை செய்பவருடைய முகம் தகட்டிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஒரு துகள் அத்தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. இமை மூடுவதற்கோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். “தூசி வந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்” என்று சொல்லுகிறவர்கள் இக்கணக்கைச் சற்று ஆலோசிப்பார்களாக. இமை காற்றில் வரும் புழுதிக்காக ஏற்பட்டது. சாணைத் தகட்டுக்காக ஏற்பட்டதன்று.

கருவிழியின் மேலே பளிங்குபோல் மூடியிருக்கும் படலம் அரை மில்லிமீட்டர் கனமே உள்ளது. சூடேறிய இரும்புத் துகள் அதில் பட்டால் அங்கேயே பதிந்துவிடும். சில மணி நேரத்திலேயே அதைச் சுற்றித் துரு ஏறத் தொடங்கும். துகளை எடுத்த பிறகும் அத்துரு வளையத்தைத் தனியே சுரண்டி எடுக்க நேரும். இதுவாவது வலி மிகுந்ததாகையால் மனிதரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடும். இதனினும் கொடியது, துகள் படலத்தைத் துளைத்துக் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடுவது. துவாரம் ஊசிமுனை அளவே இருக்கலாம். வலியும் அதிகம் இராது. பார்வையும் முதலில் ஒருவாறு இருக்கும். “ஏதோ தெறித்தது, சரியாகிவிட்டது” என்று அவர் சும்மா இருந்துவிடுவார். உள்ளே தங்கிய இரும்போ நாளடைவில் கண்ணின் உட்பாகங்களைக் கெடுத்துப் பார்வையை மெல்ல மெல்லக் கவர்ந்துகொள்ளும். சுத்தியலால் உளியை அடிக்கும்போதும் இவ்விதமே நேர்வதுண்டு. உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தால், அதன் ஓரம் சிதறிப் பறக்கும். இத்தகைய காயம் பட்டவருக்குப் பிற்காலத்தில் வேறெந்த நோய்க்காவது காந்த ஸ்கான் எடுக்க நேர்ந்தால், உலோகம் தெறித்த செய்தியை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தக் காந்தம் கண்ணிலுள்ள இரும்பை அசைத்துவிடக்கூடும்.

இரும்பைவிடக் குடியானவர் கண்ணுக்குப் பெருஞ்சத்துரு பயிரினத் துகளாகும். புல் வெட்டும் யந்திரம் சுழலும்போது தெறிக்கும் காய்ந்த தாள், ஓலைச் சிம்பு, முள், தீவனம் நறுக்கும்போது பறக்கும் சோளத்தட்டைத் தூள், நெல் தூற்றும்போது வரும் சுணை ஆகியவை கண்ணில் ஒரு சிறு கீறலை உண்டாக்கினால் போதும். மண்ணிலும் அழுகிய தழையிலும் வாழும் பூஞ்சாணம் அக்கீறலின் வழியே உட்புகுந்து புண்ணாக்கிவிடுகின்றது. மதுரையில் 1994-ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச்சு வரையில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு கண் ஆஸ்பத்திரிக்கு வந்த 434 பேரைச் சோதித்து, முடிவுகளை 1997-இல் வெளியிட்டனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் கண்ணில் ஏதோ அடிபட்டவர்கள். கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பூஞ்சாணமே. குளிர் தேசங்களில் இவ்வகைப் புண் மிகவும் அரிது. உஷ்ணமும் ஈரமும் வயல்வேலையும் சேர்ந்த நம் தேசத்தில் அது சாதாரணம். மருந்து உண்டு. ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மணிக்கு மணி சொட்டு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆறிய பின்னும் அவ்விடம் வெண்தழும்பாக நின்றுவிடுவதுண்டு. கிராமங்களில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் இத்தகைய தழும்பையே. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே ஒரு குடும்பத்தின் உழைப்பாளி இவ்வாறு படுத்துவிட்டால், அவ்வருஷத்துக் கடன் எவ்வளவு ஏறும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் கைவைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணில் ஏதாவது விழுந்தால் தாய்ப்பால் பீய்ச்சுவதும், விளக்கெண்ணெய் விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும், நாக்கினால் எடுப்பதும் இன்னும் பல ஊர்களில் நடைபெறுகின்றன. செய்பவர்களுடைய அன்பில் ஐயமில்லை. ஆனால் கீறல்பட்ட கண்ணில் இவற்றால் கிருமியே சேரும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் சொட்டு மருந்து சில சமயம் இவற்றினும் கெடுதலானது. சிவப்பை உடனே தணிக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டுகள் பூஞ்சாணப் புண்ணை உள்ளுக்குள் வளர்த்துவிடும். வெறும் புழுதியானால் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவலாம். கழுவியும் உறுத்தல் போகாவிட்டால் கசக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். யந்திரத்திலிருந்தோ உளியிலிருந்தோ வேகமாக ஒன்று தெறித்துப் பட்டது என்றால், கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஒரு காகிதக் குவளையைக் கண் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு போவது நல்லது.

நோய் வந்த பிறகு செய்வதைப் பற்றி இவ்வளவு போதும். வராமல் தடுக்கும் பொருளோ மிகச் சுலபமாகக் கிடைப்பது. நான்கைந்து வெட்டுத் தகடுகளின் விலைக்கு ஒரு கண்காப்புக் கண்ணாடி கிடைக்கும். தொழிற்சாலைகளில் இது புதிய செய்தியும் அன்று. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலைகளில் தொழிலாளருக்குத் தக்க மறைப்போ கண்ணாடியோ கொடுக்கும்படி அரசாங்கம் விதிப்பதற்கு அப்பொழுதே இடம் செய்தது. ஆனால் எந்தச் சட்டமும் ஒருவருடைய மாட்டுக் கொட்டகைக்குள் வந்து பார்ப்பதில்லை. பட்டணத்துத் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாளும் கண்ணாடியோடு நிற்கும் இளைஞர், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து தகப்பனாருக்கு உதவியாக அதே சாணையை வெறுங்கண்ணோடு பிடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் அவ்வாறு செய்கிறார் என்று சொல்ல முடியாது. அங்கே கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, இங்கே இல்லை. அவ்வளவே வித்தியாசம்.

குடியானவர்கள் சொல்லும் ஆட்சேபங்களையும் புறக்கணிப்பது நியாயமன்று. சித்திரை வெயிலில் தோப்பில் நின்று புல் வெட்டும்போது முகத்தோடு ஒட்டிய கண்ணாடிக்குள் வேர்வை வடிந்து ஆவி படியும்; வழி தெரியாமல் போகும். இது மெய்யான தொந்தரவு. இதைக் கழற்றி எறிந்தவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கில்லை. பக்கங்களில் மறைவான காற்றுத் துவாரங்கள் உள்ள கண்ணாடியானால் ஆவி குறையும். நெற்றியில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டால் வேர்வை கண்ணுக்கு இறங்காது. அணியுமுன் உட்புறத்தில் சோப்பு நீரைத் தடவித் துடைத்துக்கொள்வதும் உண்டு. புல் வெட்டுகிறவர்கள் கம்பி வலையாலான முகமறைப்பையும் போட்டுக்கொள்வது நலம். காற்று தாராளமாக வரும், கல்லும் சிம்பும் முகத்தில் படா. ஆனால் நுண்தூள் வலையின் வழியே நுழையுமாதலால், வலை மட்டும் போதும் என்று நினைக்கலாகாது. உள்ளே இலேசான கண்ணாடியும் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம், “என்னிடம்தான் மூக்குக் கண்ணாடி இருக்கிறதே” என்பது. வெள்ளெழுத்துக்காகப் போடும் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் மறைப்புக் கிடையாது. உடையும் கண்ணாடியாக இருந்தால் கல் பட்டு நொறுங்கி அதுவே கண்ணில் பாயும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியும் அப்படிப்பட்டதே. அன்றியும் கொட்டகை நிழலில் அதைப் போட்டுக்கொண்டு சாணை பிடித்தால் விரல் இருக்கும் இடம் தெரியாது. பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கினால் செய்து, இரு பக்கமும் மூடியதாய், ஐ.எஸ். 5983 என்ற இந்திய தர எண் பொறித்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். மூக்குக் கண்ணாடியின் மேலேயே அணியக்கூடிய பெரிய அளவும் கிடைக்கின்றது. காய்ந்த துண்டால் துடைத்தால் கீறல் விழுந்து சில நாளில் மங்கிவிடும். தண்ணீரில் அலசியே துடைக்க வேண்டும். வெல்டிங் வேலைக்கு இக்கண்ணாடி ஒருபோதும் உதவாது. அதற்குரிய கறுப்பு முகமூடி வேறு.

கண்ணாடி எல்லாவற்றையும் காக்கும் என்றும் எண்ணலாகாது. சாணைத் தகட்டின் மேல் உள்ள இரும்புக் காப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய தகட்டையோ மரம் அறுக்கும் பல்தகட்டையோ மாட்டுகிற வழக்கம் பல இடங்களில் பரவி இருக்கின்றது. ஒவ்வொரு தகட்டின் மேலும் அது எத்தனை சுற்று தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் பாராமல் மாட்டிய தகடு வேலையின் நடுவில் வெடித்துச் சிதறினால், கண்ணாடி மாத்திரம் என்ன செய்யும்? புல் வெட்டும் யந்திரத்தில் வேறொரு துன்பம் உண்டு: அடிபடுகிறவர் சில சமயம் யந்திரம் பிடித்தவர் அல்லர், வேடிக்கை பார்க்க வந்த பையனோ, கஞ்சி கொண்டுவந்த பெண்பிள்ளையோ ஆவர். ஐம்பதடிக்குள் எவரும் நிற்கக்கூடாது என்று யந்திரத்தோடு வரும் புஸ்தகத்திலேயே எழுதியிருக்கின்றது. அப்புஸ்தகத்தை யார் படிக்கிறார்கள்?

குடியானவர்களுக்கு அஜாக்கிரதை அதிகம் என்று இதற்கெல்லாம் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியான அபிப்பிராயமாகத் தோன்றவில்லை. பாம்பு இருக்கும் வரப்பில் கோலால் தட்டிக்கொண்டு நடக்கிறவர், மின்னல் தெரிந்தவுடன் மாட்டை அவிழ்த்துக் கொட்டகைக்கு ஓட்டுகிறவர், அஜாக்கிரதையுள்ளவர் ஆகார். கண்ணாடி ஓரிடத்திலும் யந்திரம் ஓரிடத்திலும் இருப்பதே முக்கியக் காரணம். ஒரு நிமிஷ வேலைக்காக ஐந்து நிமிஷம் தேடுவதற்கு எவருக்கும் மனம் வராது. ஆகையால் உபதேசத்தைவிட ஒரு முழக் கயிறு அதிகப் பயன் தரும். கண்ணாடியின் பட்டையை யந்திரத்தின் மின்சாரக் கம்பி நுனியிலுள்ள பிளக்கோடு சேர்த்துக் கட்டிவைத்தால், கண்ணாடியைக் கையில் எடுக்காமல் யந்திரத்தை ஓட்டவே முடியாது. புல் வெட்டும் யந்திரமானால் தோளில் மாட்டும் வாரிலேயே தொங்கவிடலாம். வீட்டில் ஒரு கண்ணாடி போதாது; தகப்பனார் சாணை பிடிக்கும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தியிருப்பவன் மகன் அல்லவா? பொறி பெரும்பாலும் அவனை நோக்கியே பறக்கின்றது. குறைந்த பக்ஷம் இரண்டாவது இருக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தகடும் சாவியும் பெட்டியில் வைத்து விற்கிறவர், கண்ணாடியையும் விலையில் சேர்த்தே விற்றுவிடலாம். தனியாகக் கேட்டால் வாங்காதவர்கூடப் பெட்டியோடு வந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க மாட்டார். அரசாங்க மானியத்தோடு களையெடுக்கும் யந்திரம் முதலியன கொடுக்கப்படுகிற இடங்களில் இதைச் செய்வது இன்னும் எளிது.

கடைசியாக, விவசாய இலாகாவைச் சேர்ந்தவர்கள் தங்கள் நடத்தையையும் சிறிது சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. கிராமத்தில் யந்திரம் நடத்திக் காட்டும் நாளில் ஜனங்கள் பேச்சைக் கேட்பதைவிடக் கையைத்தான் பார்க்கின்றனர். யந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறவர் வெறுங்கண்ணோடு ஓட்டினால், கூட்டம் ஐந்தடி தூரத்தில் நெருக்கி நின்றால், அவர் பின்னர் எத்தனை துண்டுப் பிரசுரம் வழங்கினாலும் அன்று ஊரார் கற்றது வெறுங்கண்ணோடு ஓட்டுவதையே. ஆகவே இனி எந்தப் பிர்க்காவில் யந்திரக் காட்சி ஏற்பாடு செய்தாலும், ஐம்பதடி தூரத்தில் ஒரு கயிறு கட்டி, ஓட்டுகிறவருக்கும் உடன் நிற்பவருக்குமாக இரண்டு கண்ணாடிகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே யந்திரத்தை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். கண்ணாடி வரவில்லையென்றால் அன்றைக் காட்சியை மறுநாளைக்குத் தள்ளி வைக்கலாம். காரணத்தையும் கூடியிருப்பவர்களிடம் சொல்லிவிடலாம்.